பெயரில்லாத தலைவியும் நம் வகுப்பறையும்: தமிழாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் எடுக்கும் ஐயாக்களுக்கும் அம்மாக்களுக்கும்,



நானும் உங்களில் ஒருத்திதான். மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழ் எடுக்கிறேன். உங்களிடம் ஒரு கோரிக்கை உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிட்டுப் பிறகு காரணங்களுக்கு வருகிறேன். இந்தக் கல்வியாண்டில் அகப்பாடல் நடத்தும் நாளில், பதவுரையும் இலக்கணக் குறிப்பும் முடிந்த கையோடு புத்தகத்தை மூடிவிடாதீர்கள். பாட்டில் பேசுகிறவர் யார், யாரிடம் பேசுகிறார், ஏன் இந்த நேரத்தில் பேசுகிறார், கேட்டவர் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். வருகிற பதிலைத் திருத்த அவசரப்படாமல், அதற்குப் பாட்டில் ஆதாரம் எங்கே என்று மட்டும் கேளுங்கள். கோரிக்கை அவ்வளவுதான்.

மனித உறவுகளைப் பற்றிப் பேசப் பாடநூலில் இடமில்லை என்று நாம் சொல்லிக்கொள்ள முடியாது. 2018, 2019 ஆண்டுகளில் வந்த புத்தகங்களை எடுத்துப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்பில் பாலை பாடிய பெருங்கடுங்கோவின் குறுந்தொகைப் பாட்டு. தன் பிடியின் பசி தீர யானை யா மரத்தின் கிளையை உரித்துக் கொடுக்கும் காட்டு வழியாகத்தான் அவர் போயிருக்கிறார், உன்மேல் ஆசை உள்ளவர், வந்துவிடுவார் என்று, பிரிவில் வாடும் தலைவியைத் தோழி தேற்றுகிறாள். பத்தாம் வகுப்பில் முல்லைப்பாட்டு. பதினொன்றில் வெள்ளிவீதியார். பன்னிரண்டில் நெடுநல்வாடை, கூடவே, உப்பு விற்கும் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தவனின் தவிப்பை அம்மூவனார் பாடிய அகநானூற்றுப் பாட்டு, தொல்காப்பியத்திலிருந்து மெய்ப்பாட்டியல். பதினான்கு வயதிலிருந்து பதினேழு வயது வரை, அதாவது மனம் முதன்முதலாக வீட்டுக்கு வெளியே ஆள் தேடும் வயதில், காத்திருப்பதும் பிரிவதும் தேற்றுவதும் ஏங்குவதும் அவர்கள் கையில் பாடமாகவே இருக்கின்றன.

நாம் அவற்றை நடத்தும் முறையும் நமக்குத் தெரிந்ததே. ஆசிரியர் குறிப்பு, திணை, துறை, சொல்லும் பொருளும், இலக்கணக் குறிப்பு, பகுபத உறுப்பிலக்கணம், மனப்பாட அடிகளுக்கு ஓர் அடையாளம். அகப்பொருள் இலக்கணம் வந்தால் பெரும்பொழுது, சிறுபொழுது, தெய்வம், பறை, யாழ், பண் என்று கரும்பலகை நிறைய ஓர் அட்டவணை. முதற்பொருளும் கருப்பொருளும் உரிப்பொருளைச் சொல்வதற்காக வந்தவை. புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்ற அந்த ஐந்தும்தான் அகப்பாட்டின் உயிர். நம் அட்டவணையில் அவை கடைசி வரிசையில் ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

குறிஞ்சிப்பாட்டுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவிப்பதற்காகக் கபிலர் அதைப் பாடினார் என்கிறது பழைய குறிப்பு. அயலான் ஒருவனுக்குத் தமிழைப் பாடம் எடுக்க உட்கார்ந்த புலவர் 261 அடிகளில் எடுத்துக்கொண்ட பொருள் என்ன? ஒரு பெண்ணின் காதலை அவளுடைய தோழி செவிலித்தாயிடம் எவ்வளவு பக்குவமாக எடுத்துச் சொன்னாள் என்பதே. நம் வகுப்பில் அந்தப் பாட்டில் மிஞ்சியிருப்பது 99 பூக்கள். அதுவும் எத்தனை என்ற எண்ணிக்கை மட்டும்.

அகத்திணையில் தலைவன், தலைவியின் பெயரைச் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. அந்த விதி எவ்வளவு கறாராகப் பின்பற்றப்பட்டது என்பதற்கு நெடுநல்வாடையே சாட்சி. பிரிந்திருக்கும் ஒரு பெண்ணின் துயரைச் சொல்லும் பாட்டு அது. ஆனால் வேலின் தலையில் வேம்பு கட்டியிருந்தது என்ற குறிப்பு பாண்டியனை அடையாளம் காட்டிவிடுகிறது என்பதற்காக, அது புறம் என்று நச்சினார்க்கினியர் வாதிட்டார். ஒரு வேப்பந்தழைகூட ஆளைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கை நம் மரபில் இருந்திருக்கிறது.

இந்த விதியை ஒரு மதிப்பெண் வினாவாக்கி நாம் கடந்துபோகிறோம். வகுப்பறைக்கு இதைவிடப் பெரிய வசதி வேறு எந்த இலக்கியமும் செய்து தரவில்லை என்பது என் எண்ணம். பதினைந்து வயதுப் பெண்ணிடம், நீ யாரையாவது நம்பியிருக்கிறாயா என்று நாம் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. இந்தத் தலைவி ஏன் பயப்படுகிறாள் என்று கேட்கலாம். பதில் சொல்லும் பிள்ளை தலைவியைப் பற்றிச் சொல்கிறதா, தன்னைப் பற்றியா, தன் அக்காவைப் பற்றியா என்பது நமக்குத் தெரிய வேண்டியதில்லை. பக்கத்து பெஞ்சில் இருப்பவருக்கும் தெரியாது. ஊர் இல்லை, சாதி இல்லை, வீட்டுப் பெயர் இல்லை. யாருடைய மானமும் போகாமல் உறவைப் பற்றிப் பேசுவதற்குப் பள்ளிக்கூடத்தில் இருக்கும் ஒரே இடம் அகப்பாட்டுதான்.

அப்படிப் பேசினால் என்ன கிடைக்கும் என்பதற்கு இரண்டு பாட்டுகளைச் சொல்கிறேன். குறுந்தொகை 40ஆம் பாட்டு சினிமாப் பாட்டு வழியாகவே பிள்ளைகள் காதில் விழுந்திருக்கிறது. செம்மண் நிலத்தில் பெய்த மழையின் உவமை அவ்வளவு புகழ் பெற்றதால், அதைப் பாடியவருக்கே அந்த உவமை பெயராகிவிட்டது. செம்புலப்பெயல்நீரார் என்றுதான் அவரை அறிகிறோம். உன் தாய் யாரோ, என் தாய் யாரோ என்ற வியப்பாகவே பிள்ளைகள் இதைக் கேட்டிருப்பார்கள். துறைக் குறிப்பைப் படித்துக் காட்டுங்கள். இவன் பிரிந்துவிடுவானோ என்று பயந்த தலைவியின் முகம் மாறியதைக் கண்டு தலைவன் சொன்னது என்று அது சொல்கிறது. பாட்டு உடனே வேறு மாதிரி ஒலிக்கும். அவன் கொண்டாடுகிறானா, சமாதானம் சொல்கிறானா? சொந்தமும் இல்லை, முன்பின் அறிமுகமும் இல்லை என்று அவன் எடுத்துச் சொல்வது அவள் பயத்தைக் குறைக்குமா, கூட்டுமா? இந்த ஐந்து அடி அவளுக்குப் போதுமானதாக இருந்திருக்குமா?

பிறகு அதன் பக்கத்தில் 25ஆம் பாட்டை எழுதுங்கள். அதுவும் ஐந்தே அடி. கபிலர் பாடியது. அவர் என்னை ஏற்ற அன்று அங்கே யாரும் இல்லை, அவர்தான் இருந்தார், அவரே இல்லையென்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன் என்கிறாள் தலைவி. அருகில் இருந்தது ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற ஒரு குருகு மட்டும். அந்தக் குருகு அவளுக்குத் துணையாக நின்றது என்று ஒரு மாணவர் சொன்னால் மறுக்காதீர்கள். குருகின் கண் எங்கே இருந்தது என்று கேளுங்கள். மீன்மேல் இருந்தது என்று வகுப்பே சொல்லும். அப்படியானால் இருந்த ஒரே சாட்சியும் எதையும் பார்க்கவில்லை. ஒரு பெண்ணின் நிலைமை இதைவிடக் குறைந்த சொற்களில் உலக இலக்கியத்தில் சொல்லப்பட்டிருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்தான். முதல் பாட்டில் வாக்குக் கொடுத்தவனும் இரண்டாம் பாட்டில் பொய்க்கக்கூடியவனும் ஒரே ஆளாக இருக்கலாமா என்று கேட்டுவிட்டு நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்துவிடலாம். மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

துறைக் குறிப்பைப் பற்றி நாம் பிள்ளைகளிடம் சொல்ல மறந்துவிடும் செய்தி ஒன்று உண்டு. அது பாட்டைப் பாடிய புலவர் எழுதியது இல்லை. பின்னால் வந்தவர்கள் சேர்த்தது. பாட்டைப் படித்த ஒருவர், இதை இன்னார் இன்னாரிடம் இந்தச் சூழலில் சொல்லியிருக்க வேண்டும் என்று கொண்ட பொருள் அது. அந்த வகையில் நம் மாணவர்களுக்கு முன்னால் உட்கார்ந்து படித்த முதல் மாணவர் அவர்தான். அவர் கொண்ட பொருளை மதிக்கலாம். மாற்றிப் பார்க்கவும் செய்யலாம்.

பதினொன்றாம் வகுப்பின் வெள்ளிவீதியார் பாட்டில் இதைச் செய்துபாருங்கள். பிரிந்துபோன காதலர் நிலத்தைத் தோண்டிப் புகப்போவதில்லை, வானத்தில் ஏறப்போவதில்லை, கடல்மேல் நடக்கப்போவதில்லை. நாடு நாடாக, ஊர் ஊராக, குடி குடியாகத் தேடினால் அகப்படாமல் போய்விடுவாரா என்பது அதன் பொருள். தோழி சொல்வதாகக் கொள்வது வழக்கம். அப்படிப் படித்தால் தெம்பூட்டும் பேச்சு. தலைவியே சொல்வதாகப் படித்தால், ஆளைக் காணாமல் தவிக்கும் ஒருத்தி தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் ஆறுதல். குரலில் நடுக்கம் வந்துவிடுகிறது. வெள்ளிவீதி என்பவள் காதலனைத் தேடி அலைந்ததை ஔவையார் அகநானூறு 147இல் குறிப்பிடுகிறார் என்று சொல்லிவிட்டு இன்னொரு முறை படியுங்கள். மூன்றாவதாக ஒரு குரல் கேட்கும். மூன்று பிள்ளைகளை எழுப்பி, மூன்று குரலில் வாசிக்கச் சொன்னால் போதும். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. எந்தச் சொல் எந்த வாசிப்புக்கு இடம் தருகிறது என்று அவர்கள் கண்டுபிடிப்பதே பாடம்.

இப்படிப் பல பொருள் கொள்வது மேல்நாட்டிலிருந்து வந்த புதுப்பழக்கம் என்று சிலர் நினைக்கிறார்கள். திருக்குறளுக்குப் பழைய உரைகாரர்கள் பதின்மர் என்பதை நாமே வகுப்பில் சொல்கிறோம். பரிமேலழகர் கொண்ட பொருளை மணக்குடவர் கொள்ளவில்லை. தொல்காப்பியத்தில் இளம்பூரணரோடு நச்சினார்க்கினியர் பல இடங்களில் உடன்படவில்லை. அவர்கள் யாரும் மனம்போன போக்கில் பொருள் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் சொல்லைக் காட்டி, இலக்கணத்தைக் காட்டி வாதிட்டார்கள். கருத்து வேறுபாட்டிலேயே வளர்ந்த உரை மரபுக்கு வாரிசுகளாக இருந்துகொண்டு, வகுப்பில் ஒரே உரையை எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கிறோம்.

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இன்னும் ஆழமாகப் போகக்கூடியவர்கள். அம்மூவனார் பாட்டில், நெல்லுக்கு நேராக உப்பு என்று கூவிக்கொண்டு சேரி வழியே வருகிறாள் உமணர் பெண். வேற்றுக் குரல் கேட்டு வீட்டு நாய் குரைக்கிறது. அவள் கண் மிரள்கிறது. பார்த்தவன் பாங்கனிடம் தன் தவிப்பைச் சொல்கிறான். எப்படிச் சொல்கிறான்? சேற்றில் புதைந்த உப்பு வண்டியை இழுத்துக் கரையேற்ற அவள் தந்தை பிடித்து ஓட்டும் எருது வெப்பமாக மூச்சுவிடுமே, அப்படி நானும் மூச்சுவிடுகிறேன் என்கிறான். தன் காதல் நோய்க்கு உவமை தேடியவன் அவள் வீட்டு எருதை ஏன் எடுத்தான்? அவள் பிழைப்பின் கஷ்டத்தை அவன் பார்த்திருக்கிறான், அதில் தோள்கொடுக்க மனம் போகிறது என்று ஒருவர் சொல்லலாம். அவள் குடும்பத்தின் உழைப்பைக்கூடத் தன் ஏக்கத்துக்கு அலங்காரமாக்கிக்கொண்டான் என்று இன்னொருவர் சொல்லலாம். இரண்டுக்கும் பாட்டில் இடமிருக்கிறது. அடுத்த கேள்வி இன்னும் கூர்மையானது. இந்தப் பாட்டில் அவள் வாய் திறந்தது உப்பின் விலையைக் கூறத்தான். அவனிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. அவளுக்கும் அவன்மேல் விருப்பம் என்று எங்கிருந்து தெரிந்துகொண்டோம்?

இந்தக் கேள்வி நேராக இலக்கணத்துக்குக் கொண்டுபோய்விடும். பத்தாம் வகுப்பில் புறத்திணைகள் பன்னிரண்டு என்று நடத்துகிறோம். கடைசி இரண்டு கைக்கிளையும் பெருந்திணையும். ஒருதலைக் காமம், பொருந்தாக் காமம் என்று பொருள் எழுதிப்போட்டு முடித்துவிடுகிறோம். தொல்காப்பியர் அதோடு நிற்கவில்லை. காமம் அறியாத இளம்பெண்ணிடம் ஒருவன் தானே பேசி, மறுமொழி கிடைக்காமலே தானே மகிழ்ந்துகொள்வதைக் கைக்கிளை என்கிறார். ஏறிய மடலையும், காமம் முற்றி வலிய நடந்துகொள்வதையும் பெருந்திணையில் வைக்கிறார். இரண்டு பக்கமும் அன்பு இருக்கும் ஐந்திணையிலிருந்து இவற்றைப் பிரித்து ஒதுக்கி வைக்கிறார்.

இதை நம் பையன்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மறுக்கும் பெண்ணை விடாமல் பின்தொடர்ந்தால் கடைசியில் மனம் மாறுவாள் என்று அவர்களுக்குப் பாடம் நடத்த எத்தனையோ படங்கள் இருக்கின்றன. 2022 அக்டோபரில் சென்னை பரங்கிமலை ரயில் நிலையத்தில் கல்லூரி மாணவி ஒருவர் ரயிலின் முன் தள்ளிக் கொல்லப்பட்டார். அவரைத் தொடர்ந்து தொல்லை செய்த இளைஞரே குற்றவாளி என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு குறுந்தொகைப் பாட்டு அதைத் தடுத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. விடாமல் துரத்துவதற்குக் காதல் என்று பெயரில்லை, தமிழ் இலக்கணமே அதை வேறு இடத்தில் வைத்திருக்கிறது என்று ஒரு பையன் பதினைந்து வயதில் கேட்டிருக்க வேண்டும். அதைச் சொல்லும் இடம் நம் வகுப்பு.

மடலேறுதலையும் இதே கண்ணோடு பேசலாம். விரும்பிய பெண் கிடைக்காதவன் பனைமட்டைக் குதிரையில் ஏறி, எருக்கம்பூ சூடி, அவள் உருவம் எழுதிய படத்தோடு தெருவில் வருகிறான். ஊரார் பார்வையில் அவள் நிலை என்ன? இது அன்பின் உறுதியா, நெருக்கடி கொடுத்துச் சம்மதம் வாங்கும் வழியா? கையை அறுத்துக்கொண்டு ஸ்டேட்டஸ் போடுவது பற்றி அவர்களே பேச ஆரம்பிப்பார்கள். சங்கப் பாட்டு என்பதற்காக அதில் வரும் எல்லாவற்றையும் நாம் தாங்கிப்பிடிக்க வேண்டியதில்லை. மருதத்தில் பரத்தையிடம் போய்விட்டுத் திரும்பும் தலைவனை ஏன் ஏற்க வேண்டும் என்று ஒரு பெண் கேட்டால், பண்டைய வழக்கம் என்று வாயை அடைக்காதீர்கள். தோழி அவனை வாசலிலேயே நிறுத்தும் வாயில் மறுத்தல் என்ற துறையைக் காட்டுங்கள். அந்தக் கேள்வி அப்போதே கேட்கப்பட்டுவிட்டது.

பெண்பிள்ளைகளுக்கும் பையன்களுக்கும் ஒருசேரப் பயன்படும் துறை அறத்தொடு நிற்றல். மனத்தில் பூட்டிவைத்ததைத் தலைவி தோழியிடம் சொல்கிறாள், தோழி செவிலியிடம், செவிலி நற்றாயிடம், நற்றாய் தந்தையிடமும் தமையன்மாரிடமும். ஒவ்வொரு படியிலும் கேட்பவருக்கு ஏற்றபடி சொல்லும் முறை மாறுகிறது. இதற்கு எதிர்ப்பக்கத்தில் வெறியாட்டு. மகள் மெலிவதைப் பார்த்த தாய் முருகன் அணங்கியது என்று வேலனை அழைத்து ஆட்டுக்குட்டியைப் பலிகொடுக்கிறாள். பிள்ளையிடம் உட்கார்ந்து ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும் காரணத்தைப் பெரியவர்கள் வேறெங்கோ தேடுகிறார்கள். இந்த இரண்டு துறைகளையும் சேர்த்து நடத்திவிட்டு, உங்கள் வாழ்க்கையில் தோழி யார், செவிலி யார் என்று அவரவர் மனத்துக்குள் மட்டும் நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். யாரும் இல்லை என்று நினைக்கும் பிள்ளை எல்லா வகுப்பிலும் ஒன்று இருக்கும். அந்தப் பிள்ளைக்காக 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும், பள்ளிக்கல்வித் துறையின் 14417 என்ற எண்ணையும் பலகையின் ஓரத்தில் எழுதுங்கள். அகப்பொருள் வகுப்பில் எழுதினால் அந்த எண்கள் பிள்ளைகளுக்கு எதற்கென்று விளங்கும்.

உடன்போக்கைத் தவிர்த்துவிட்டுப் போகும் பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. பிரச்சினை வரும் என்று பயப்படுகிறோம். கலித்தொகையின் ஒன்பதாம் பாட்டில், போய்விட்ட மகளைத் தேடி வரும் செவிலி வழியில் முக்கோல் அந்தணர்களைக் கண்டு கேட்கிறாள். பார்த்தோம் என்று சொல்லும் அவர்கள், சந்தனம் பிறந்த மலைக்கும் முத்துப் பிறந்த கடலுக்கும் இசை பிறந்த யாழுக்கும் அவற்றால் பயனில்லை, உன் மகளும் அப்படித்தான், கவலைப்படாதே என்று அவளைத் திருப்பி அனுப்புகிறார்கள். 2016 மார்ச்சில் சாதி மாறி மணந்ததற்காக உடுமலைப்பேட்டையில் ஓர் இளைஞர் பட்டப்பகலில் நடுத்தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். இரண்டையும் அறிந்த மாநிலத்தில் நாம் வகுப்பெடுக்கிறோம். மணிக்கட்டில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டிக்கொண்டு வரும் பிள்ளைகளுக்கு முன்னால் அந்தப் பாட்டைப் படிப்பது யாரையும் ஓடிப்போகச் சொல்வதாகாது. தேடிப்போனவர்கள் கையில் ஆயுதம் இல்லாத ஒரு கதையும் இந்த மண்ணில் உண்டு என்று காட்டுவதாகும்.

உறவு என்றால் காதல் மட்டும் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். பத்தாம் வகுப்பில் கு. அழகிரிசாமியின் ‘ஒருவன் இருக்கிறான்’ இருக்கிறது. அண்டை வீட்டுக்கு வந்து தங்கிய நோயாளியை ஒரு சுமையாகப் பார்க்கிறான் கதை சொல்பவன். யாருமற்றவன் என்று நினைத்த அந்த மனிதனுக்கு, தானே ஏழையான ஒரு நண்பன் கடன் வாங்கிப் பணமும் கடிதமும் அனுப்புகிறான். கதைச்சுருக்கமும் மையக்கருத்தும் எழுதவைத்து அதை முடித்துவிடலாம்தான். கதை சொல்பவனை நமக்கு ஏன் முதலில் பிடித்திருந்தது, எந்த இடத்தில் அவனோடு சேர்ந்து நாமும் அந்த நோயாளியை வெறுத்தோம் என்று கேட்டால் வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும். பன்னிரண்டாம் வகுப்பில் பூமணியின் ‘உரிமைத் தாகம்’ அண்ணன் தம்பி உறவைப் பேசுகிறது. நிலமும் கடனும் புகுந்த பிறகு உடன்பிறப்பு என்னவாகிறது என்பதைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு நாம் விளக்க வேண்டியதே இல்லை. அவர்கள் நமக்கு விளக்குவார்கள்.

பாடத்தேர்வில் நடந்திருக்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 103 அடி முல்லைப்பாட்டிலிருந்து பத்தாம் வகுப்புக்கு வந்திருப்பது தொடக்கத்து 17 அடிகள். மழை பெய்கிறது, முதிய பெண்கள் நற்சொல் கேட்கப் போகிறார்கள், கன்றுக்கு ஆறுதல் சொல்லும் இடைப்பெண்ணின் வார்த்தையை நல்ல சொல்லாகக் கொள்கிறார்கள். அந்த ஆறுதல் கேட்ட தலைவி எப்படி இருந்தாள் என்பது பாடத்துக்கு வெளியே நின்றுவிட்டது. பாசறையில் தூக்கமின்றிக் கிடக்கும் தலைவனும் வரவில்லை. 188 அடி நெடுநல்வாடையிலிருந்து வந்திருப்பது மழையும் குளிரும் நிறைந்த தொடக்க அடிகள். கட்டிலில் காத்திருக்கும் அரசியும், நள்ளிரவில் புண்பட்ட வீரர்களைப் பார்த்தபடி நடக்கும் அரசனும் இல்லை. இரண்டு பாட்டிலும் இயற்கை வந்தது; தலைவனும் தலைவியும் வராமல் போனார்கள். திருக்குறளிலும் இதே கதைதான். 2016இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை கற்பிக்கச் சொன்னது அறத்துப்பாலையும் பொருட்பாலையும். காமத்துப்பாலின் 25 அதிகாரங்கள், 250 குறள்கள், வெளியே நிற்கின்றன. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அவற்றை நடத்தச் சொல்லவில்லை. பதினேழு வயதில் வாக்களிக்கத் தயாராகும் பிள்ளைக்கு ஊடலைப் பற்றி வள்ளுவர் சொன்னதைக் கேட்கும் பக்குவம் உண்டு என்று நினைக்கிறேன். புத்தகத்தை மாற்றுவது நம் கையில் இல்லை. முல்லைப்பாட்டின் மிச்சக் கதையைப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவது நம் கையில் இருக்கிறது.

உங்கள் மறுப்புகளை நான் அறிவேன். முதலாவது, நேரம். காலாண்டு, அரையாண்டு, திருப்புதல் தேர்வு, மெல்லக் கற்போருக்குத் தனி வகுப்பு, இடையில் பதிவேடுகளும் இணையப் பதிவுகளும். உண்மைதான். ஆனால் நான் கேட்பது ஒரு பாட்டுக்குப் பதினைந்து நிமிடம். யார் யாரிடம் ஏன் பேசினார் என்று விவாதித்த பிள்ளைக்குத் திணையும் துறையும் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியிருப்பதில்லை. நெடுவினாவில் கைடு பார்த்து எழுதிய பதிலும், சொந்தமாக யோசித்து எழுதிய பதிலும் திருத்தும் மேசையில் நமக்கு உடனே தெரிகின்றனவே.

இரண்டாவது, புகார். காதலைப் பற்றி வகுப்பில் பேசினார் என்று ஒரு பெற்றோர் வந்து நின்றால் என்ன செய்வது? நான்கு வரம்புகளை நாமே வகுத்துக்கொண்டால் பயப்பட வேண்டியதில்லை. எந்தப் பிள்ளையின் சொந்த வாழ்க்கையையும் கேட்பதில்லை. எந்தப் பிள்ளையின் பதிலையும் அடுத்த வகுப்பில் போய்ச் சொல்வதில்லை. யாருடைய பெயரையும் யாரோடும் சேர்த்துச் சிரிக்க விடுவதில்லை. ஒரு பிள்ளை ஆபத்தில் இருப்பதாகப் பேச்சில் தெரிந்தால் மட்டும், தலைமையாசிரியருக்கும் போக்சோ சட்டம் சொல்லும் வழிக்கும் போக வேண்டும். அதில் ரகசியம் காக்க நமக்கு உரிமை கிடையாது. பேசக் கூச்சப்படும் வகுப்பில் பெயர் எழுதாத சீட்டில் பதில் வாங்கிப் படித்துக் காட்டலாம். சங்கப் பாட்டு பெயர் சொல்லாமல் பேசியதைப் போலவே அவர்களும் பேசட்டும்.

மூன்றாவது, சிரிப்பு. புணர்தல் என்று சொன்னவுடன் கடைசி பெஞ்சில் ஒரு சிரிப்பு கிளம்பும். அதற்குப் பயந்து நாம் வேகமாகக் கடந்துபோகும்போது, இது வெட்கப்பட வேண்டிய சங்கதி என்று நாமே சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, நிதானமாக அதே சொல்லைச் சொல்லிப் பாடத்தைத் தொடருங்கள். நம் குரலில் கூச்சம் இல்லையென்றால் இரண்டாவது வாரம் அந்தச் சிரிப்பு இருக்காது.

ஐயாக்களே, அம்மாக்களே, கணக்கு ஆசிரியரிடமும் அறிவியல் ஆசிரியரிடமும் இந்தப் பொறுப்பை ஒப்படைக்க முடியாது. வீட்டில் இதைப் பற்றிப் பேச்சு எடுப்பவர்கள் குறைவு. நாம் பேசாவிட்டால் அவர்கள் கையில் இருக்கும் செல்போன் பேசிவிடும். தேர்வுக்குப் பிறகு பகுபத உறுப்பிலக்கணம் பலருக்கும் மறந்துபோகும். தன்னை நம்பியவரிடம் எப்படி நடந்துகொள்வது, மறுப்பை எப்படி ஏற்பது, பயத்தை யாரிடம் சொல்வது என்பவை அவர்களுக்கு அறுபது வயது வரை தேவைப்படும். அதற்கான பாடம் ஏற்கெனவே அச்சாகி அவர்கள் பைக்குள் இருக்கிறது. இந்த ஆண்டு ஒரே ஒரு அகப்பாட்டையாவது பேசவிட்டு நடத்துங்கள். உங்கள் வகுப்பில் கேட்ட கேள்விகளைப் பக்கத்துப் பள்ளி ஆசிரியரோடு பகிர்ந்துகொள்ளுங்கள்.

அன்புடன்,
மேல்நிலை வகுப்புத் தமிழாசிரியை ஒருவர்